ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்க எந்த முறை? பெங்களூர் லேபில் தமிழ் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூர் பெல்லாரி சாலையில், ஜிகேவிகே என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் என்சிபிஎஸ், இன்ஸ்டெம், சி-கேம்ப் என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. கொஞ்சம் வடக்கே போனால் ஜக்கூரில் ஜேஎன்சிஏஎஸ்ஆர் என்ற ஆராய்ச்சி மையம். ஊருக்குள்ளே தனியார் லேப்களும் உண்டு. எம்.எஸ்சி. புராஜெக்ட் என்று சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலியிலிருந்து பிள்ளைகள் இங்கெல்லாம் வந்து சேருகிறார்கள். முதல் வாரம் பேச்சே எழாது. கேன்டீனில் ஒரு தமிழ்க் குரல் கேட்டதும் கேள்விகளைக் கொட்டுவார்கள். அவற்றில், தன்னையே பெருக்கிக்கொண்டு வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை மற்ற செல்களிலிருந்து பிரிப்பது பற்றித் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எல்லா முறையிலும் எது பெஸ்ட்? அதை மட்டும் சொல்லுங்களேன்.

எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். பத்து செல்லை எடுத்து ஒவ்வொன்றிலும் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று பார்க்கப்போகிறவருக்குச் சுத்தம்தான் உயிர். நோயாளியின் உடம்பில் செலுத்தப்போகிறவருக்கு எண்ணிக்கையும் பாதுகாப்பும் முதலில் வரும். டிஷ்ஷில் போட்டு வளர்க்கப்போகிறவருக்கு, கையில் கிடைக்கிற செல் அடிபடாமல் உயிரோடு இருந்தால் போதும், மீதியை வளர்ப்பிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

ஆகவே எந்த முறையையும் மூன்று கேள்வியால் அளக்க வேண்டும். கிடைத்ததில் எத்தனை சதவீதம் நமக்கு வேண்டிய செல்? முதலில் இருந்த வேண்டிய செல்களில் எத்தனை சதவீதம் கைக்கு வந்தது? வந்தவை எந்த நிலையில் இருக்கின்றன? பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். 98 சதவீதம் சுத்தம் என்று ஸ்லைடில் போடுவார்கள். அந்தச் சுத்தத்துக்காகப் பத்தில் ஒன்பது ஸ்டெம் செல் சாக்கடைக்குப் போனது ஸ்லைடில் வராது. தொலைந்த அந்த ஒன்பதும் கையில் இருக்கும் ஒன்றும் ஒரே ரகம்தான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இதனால்தான் மீட்பு விகிதத்தை, அதாவது இரண்டாம் கேள்விக்கான பதிலை, எழுதாத முடிவை என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

அவ்வளவு அரிதானவை. எலும்பு மஜ்ஜையில் சிடி34 என்ற புரதத்தை மேலே தாங்கிய செல்கள் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை இருக்கும். அவற்றிலும் பெரும்பாலானவை ஏற்கெனவே ரத்த அணுவாகும் பாதையில் கிளம்பிவிட்டவை. வாழ்நாள் முழுக்க ரத்தம் உண்டாக்கக்கூடிய அசல் ஸ்டெம் செல் அதற்குள் ஒரு சிறு பங்குதான். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று மாறக்கூடிய மெசன்கைமல் செல் இன்னும் குறைவு. மஜ்ஜையின் ஒற்றைக்கரு செல்களில் (உருண்டையான ஒரே உட்கரு உள்ளவை) பத்தாயிரத்துக்கு ஒன்று என்பதே நல்ல நாள். லட்சத்துக்கு ஒன்றாகவும் இருக்கும்.

ஃபிகால் முறை பழசாகிவிட்டதா?

ஃபிகால் என்ற கரைசலின் மேல் ரத்தத்தை வைத்துச் சுழற்றிப் பிரிக்கும் முறை இது. பழசுதான், ஆர்னே போயும் (Bøyum) என்ற நார்வேக்காரர் 1968-இல் வெளியிட்டது. ஆனாலும் இன்று காலை பெங்களூரில் எத்தனை சென்ட்ரிஃப்யூஜில் (சுழற்றும் இயந்திரத்தில்) அது சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மற்ற முறைகளுக்குப் போகும் முன் கூட்டத்தைக் குறைக்கிற முதல் வடிகட்டல் இதுவே.

முறத்தில் புடைத்தால் கனமானது ஒரு பக்கமும் உமி ஒரு பக்கமும் ஒதுங்குவதுபோல, இங்கே அடர்த்தி பிரிக்கிறது. ஃபிகால் கரைசலின் அடர்த்தி மில்லிக்கு 1.077 கிராம். சிவப்பணுவும் கிரானுலோசைட் என்ற வெள்ளையணு வகையும் அதைவிடக் கனம், அடியில் போய்விடும். ஒற்றைக்கரு செல்கள் லேசானவை, மேலேயே தங்கிவிடும்.

சொல்லும்போது சுலபம், கை பழகத்தான் நாளாகும். 50 மில்லி ட்யூபில் 15 மில்லி ஃபிகால். ரத்தத்தையோ மஜ்ஜையையோ பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் சேர்த்துச் சமபங்காக நீர்க்க வைத்து, ட்யூபைச் சாய்த்துப் பிடித்து, பிபெட்டின் நுனியைச் சுவரில் ஒட்டவைத்து மெதுவாக வழியவிட வேண்டும். ஒரு சொட்டு வேகமாக விழுந்தாலும் சிவப்புப் புகை மாதிரி ஃபிகாலுக்குள் இறங்கிவிடும். பிறகு 400 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசையில்) அரை மணி நேரம், 20 டிகிரியில், பிரேக் இல்லாமல். பிரேக்கை அணைக்க மறந்தால் நிற்கிற வேகத்தில் அடுக்கு கலங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த ஃபிகாலும் ஆகாது, அந்த 1.077 என்பது அறை வெப்பத்துக்கான கணக்கு, குளிரில் மாறிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் மஞ்சள் பிளாஸ்மாவுக்கும் தெளிந்த ஃபிகாலுக்கும் நடுவே பால் ஏடு மாதிரி ஒரு வெள்ளை வளையம் தெரியும். அதை மட்டும் சுற்றிவளைத்து உறிஞ்ச வேண்டும். ஆசைப்பட்டுக் கீழே இருக்கும் ஃபிகாலையும் சேர்த்து உறிஞ்சினால் கிரானுலோசைட்டும் கூடவே வரும்.

இதில் கிடைப்பது ஸ்டெம் செல் அல்ல, ஸ்டெம் செல் ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கூட்டம். லிம்ஃபோசைட், மோனோசைட் போன்ற வெள்ளையணுக்கள் எல்லாம் அதில் உண்டு. இந்தக் கட்டத்திலேயே 'ஸ்டெம் செல் பிரித்தோம்' என்று எழுதுவது தவறு.

பிளாஸ்டிக்கில் ஒட்டவைத்து எடுப்பது ஒரு முறையா? அவ்வளவுதானா?

மெசன்கைமல் செல்லுக்கு ஆரம்பத்திலிருந்தே அதுதான் முறை. சோவியத் ஒன்றியத்தின் ஃப்ரீடன்ஸ்டைனும் அவர் குழுவும் மஜ்ஜையைத் தட்டில் பரப்பி, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டியதிலிருந்து தனித்தனிக் காலனிகள் வளர்வதைக் காட்டினார்கள். இன்றும் அதையேதான் செய்கிறோம். ஃபிகால் அடுக்கை ஃப்ளாஸ்கில் போட்டு, இரண்டு மூன்று நாளில் மீடியத்தை (வளர்ப்புத் திரவத்தை) மாற்றினால் ரத்த அணுக்கள் மிதந்துபோய்விடும். நீண்டு மெலிந்த செல்கள் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மலிவு, செல்லுக்கும் நோகாது. ஆனால் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லும் ஒட்டும், ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சாதாரண இணைப்புத் திசுச் செல்லும் ஒட்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஃபைப்ரோபிளாஸ்டையும் மெசன்கைமல் செல்லையும் உருவத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. 2006-இல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் குறைந்தபட்ச அடையாளங்களை வகுத்தது இதனால்தான். பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும். சிடி73, சிடி90, சிடி105 என்ற மேற்பரப்புப் புரதங்கள் மூன்றும் 95 சதவீதத்துக்குக் குறையாத செல்களில் இருக்க வேண்டும். சிடி45, சிடி34 போன்ற ரத்த அணு அடையாளங்கள் உள்ள செல்கள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் தட்டில் மாறிக் காட்ட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த அடையாளங்கள் எல்லாம் வளர்த்த பிறகு பார்ப்பவை. தட்டில் சில வாரம் இருந்த செல், உடம்புக்குள் இருந்த செல் அல்ல. உடம்புக்குள் அது எப்படி இருந்தது என்பது உங்கள் கேள்வியானால், ஒட்டவைக்கும் முறை பதில் தராது.

காந்த மணியா, ஃபேக்ஸா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். இரண்டிலுமே, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடிதான் செல்லை அடையாளம் காட்டுகிறது. வேறுபாடு அதற்குப் பிறகு.

காந்த முறையில், அதாவது மேக்ஸில், ஆன்டிபாடியோடு நுண்ணிய இரும்பு ஆக்சைடு மணி இணைந்திருக்கும். செல் கலவையைக் காந்தத்தில் மாட்டிய குழல் வழியே விட்டால் மணி ஒட்டியவை தங்கும், மற்றவை வழிந்துவிடும். குழலைக் காந்தத்திலிருந்து எடுத்துப் பிஸ்டனால் தள்ளினால் தங்கியவை வெளியே வரும். ஃபேக்ஸில், ஒளிரும் சாயம் இணைந்த ஆன்டிபாடி. செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன் போகும். இயந்திரம் ஒவ்வொன்றையும் பார்த்து, வேண்டியது இருக்கும் சொட்டுக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்தகடுகளால் திருப்பித் தனி ட்யூபில் விழவைக்கும்.

கணக்குப் போட்டால் விஷயம் பிடிபடும். உங்களிடம் 10 கோடி செல், அதில் ஒரு சதவீதம், அதாவது 10 லட்சம் சிடி34 செல் என்று வைப்போம். ஃபேக்ஸில் வினாடிக்கு 10,000 செல் ஓடினால் எல்லாம் முடிய 10,000 வினாடி, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். இடையில் நாசில் (செல் வெளியே வரும் நுண்துளை) அடைத்துக்கொண்டால் இன்னும் நீளும். காந்தக் குழலுக்கு 10 கோடியும் ஒன்றுதான், 50 கோடியும் ஒன்றுதான். பெரிய அளவுக் குழல் ஒன்று 200 கோடி செல் வரை தாங்கும். மணியை ஒட்டவைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம்.

இப்போது சுத்தம். குழலில் வேண்டிய செல்களில் 70 சதவீதம் தங்குகிறது, வேண்டாதவற்றில் வெறும் 0.5 சதவீதம் தவறி ஒட்டுகிறது என்று வையுங்கள். 0.5 சதவீதம் என்றால் ரொம்பக் குறைவு என்று தோன்றும். ஆனால் வேண்டாதவை 9 கோடியே 90 லட்சம். அதில் அரை சதவீதம் 4 லட்சத்து 95 ஆயிரம். வேண்டியவை 7 லட்சம். ஆக, சுத்தம் 59 சதவீதம்தான்! இதையே இரண்டாவது குழலில் விட்டால் வேண்டியவை 4 லட்சத்து 90 ஆயிரம், வேண்டாதவை 2,500-க்கும் கீழே. சுத்தம் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும், ஆனால் ஸ்டெம் செல்லில் பாதிக்கு மேல் போய்விட்டது.

நிஜத்தில் இரண்டாம் முறை இவ்வளவு அழகாக வராது. முதல் குழலில் தவறி ஒட்டியவற்றில் இறந்த செல்கள் அதிகம், அவை இரண்டாவதிலும் ஒட்டும். அதனால் குழலை மாற்றுவதைவிட, தொடங்கும்போதே இறந்த செல்லைக் குறைப்பது பலன் தரும். எல்லாம் பனிக்கட்டிக் குளிரில், செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் ஈடிடிஏ 2 மில்லிமோலார் கலந்த பஃபரில், காற்றுக்குமிழி இல்லாமல். குமிழி ஒன்று குழலில் மாட்டினால் ஓட்டம் நின்றுவிடும்.

ஃபேக்ஸ் ஏன் வேண்டும் என்றால், காந்தம் ஒரே கேள்விதான் கேட்கும்: ஒட்டியிருக்கிறதா, இல்லையா. மனித ரத்த ஸ்டெம் செல்லைச் சரியாக நெருங்க வேண்டுமானால் சிடி34 இருக்க வேண்டும், சிடி38 இருக்கக் கூடாது, சிடி45ஆர்ஏ இருக்கக் கூடாது, சிடி90 இருக்க வேண்டும் என்று நாலைந்து நிபந்தனை ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். 'கொஞ்சமாக இருக்கிறது', 'நிறைய இருக்கிறது' என்ற வித்தியாசமும் தெரிய வேண்டும். அது லேசருக்குத்தான் முடியும். ஒரு கிணற்றுக்கு ஒரு செல் என்று 96 கிணற்றுத் தட்டில் போடுவதும் அதனால்தான் முடியும். விலையாகச் செல் கொஞ்சம் அடிபடும். 70 மைக்ரோமீட்டர் நாசிலில் அழுத்தம் அதிகம்; மென்மையான செல்லுக்கு 100 மைக்ரோமீட்டர் நாசிலும் குறைந்த அழுத்தமும் நல்லது, ஆனால் வேகம் குறையும்.

என் யோசனையைக் கேட்டால், இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். முதலில் காந்தத்தால் கூட்டத்தைக் கலைத்து, மீந்ததை ஃபேக்ஸில் விடுங்கள். 10 கோடி செல் 12 லட்சமாகக் குறைந்துவிட்டால் சார்ட்டர் (ஃபேக்ஸ் இயந்திரம்) வேலை சில நிமிடத்தில் முடியும். சார்ட்டருக்கு மணிக்கணக்கில் கட்டணம் கட்டும் லேப்களுக்கு இது பெரிய விஷயம்.

வேண்டியதைப் பிடிப்பதா, வேண்டாததைப் பிடிப்பதா?

வேண்டியதைப் பிடித்தால் சுத்தம் கூடும், ஆனால் செல்லின் மேல் ஆன்டிபாடி உட்கார்ந்திருக்கும். சில புரதங்களில் ஆன்டிபாடி ஒட்டினாலே செல்லுக்குள் சமிக்ஞை கிளம்பிவிடும். வேண்டாததைப் பிடித்து அகற்றினால் ஸ்டெம் செல் தீண்டப்படாமல் கிடைக்கும், சுத்தம் குறையும். பிடித்த செல்லில் ஒட்டியிருக்கும் மணியைப் பொறுத்தவரை, 50 நானோமீட்டர் மணி சிறியது, அப்படியே விட்டுவிடலாம். 4.5 மைக்ரோமீட்டர் மணியானால் கழற்றாமல் அடுத்த வேலை நடக்காது.

கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுப்பது எப்படி?

மஜ்ஜை திரவம், இவை திசு. முதலில் செல்லை விடுவிக்க வேண்டும். லைப்போசக்‌ஷனில் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையில்) வரும் கொழுப்பைக் கழுவி, திசுவை இளக்கும் கொலாஜினேஸ் நொதி சேர்த்து, 37 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆட்டிவிட்டுச் சுற்றினால் கொழுப்பு மேலே மிதக்கும், அடியில் செல் படியும். அதில் ரத்தக்குழாய் செல், வெள்ளையணு, ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாம் உண்டு. அந்தக் கலவையைத் தட்டில் ஒட்டவைத்து வளர்த்தால்தான் மெசன்கைமல் செல். ஒரு கிராம் கொழுப்பில் கிடைப்பது ஒரு மில்லி மஜ்ஜையைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை.

கொலாஜினேஸில் ஒரு தொல்லை, லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) வீரியம் மாறும். புது பாட்டில் வந்தால் பழைய நேரக் கணக்கை அப்படியே நம்பாமல் சின்ன அளவில் சோதித்துப் பாருங்கள். ட்ரிப்சின் மாதிரி நொதிகள் செல்லின் மேலுள்ள புரதத்தையே வெட்டிவிடும். பிறகு ஆன்டிபாடி பிடிக்காது, 'மார்க்கர் (அடையாளப் புரதம்) இல்லை' என்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.

தொப்புள்கொடியின் ஜெல்லிப் பகுதிக்கு நொதி இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் தட்டில் வைத்தால், செல்கள் தாமாக ஊர்ந்து வெளியே வரும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அவசரப்பட்டுத் தட்டை அசைத்தால் துண்டு கழன்றுவிடும். எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் நன்றாக ஊரும் செல்தான் முதலில் வரும் என்பதால், இதுவும் ஒரு வகைத் தேர்வுதான்.

மார்க்கரே தெரியாத செல்லை எப்படிப் பிடிப்பது?

அதன் நடத்தையை வைத்து. ஹோக்ஸ்ட் 33342 என்ற சாயம் டிஎன்ஏவில் ஒட்டும். பல ஸ்டெம் செல்கள் தங்கள் சவ்வில் உள்ள பம்பால் அதை வெளியே தள்ளிவிடுவதால் மங்கலாகத் தெரியும். 1996-இல் எலி மஜ்ஜையில் கண்ட இந்தக் கூட்டத்தை 'சைடு பாப்புலேஷன்' என்கிறார்கள். பம்பை அடைக்கும் வெரபமில் சேர்த்த கட்டுப்பாட்டு ட்யூப் கட்டாயம் வேண்டும். அதில் மங்கல் கூட்டம் மறையவில்லை என்றால் நீங்கள் பார்த்தது வேறு ஏதோ. சாயத்தின் அளவு, நேரம், வெப்பம் எது கொஞ்சம் தவறினாலும் படம் மாறும் என்பதால் புதியவர்களிடம் இந்த முறையில் தொடங்கச் சொல்லமாட்டேன்.

கரு ஸ்டெம் செல், ஐபிஎஸ் செல்லுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் இல்லை. கரு ஸ்டெம் செல் ஆரம்பநிலைக் கருவிலிருந்து (எம்ப்ரியோ) வருவது, ஐபிஎஸ் செல் சாதாரண உடல் செல்லை மாற்றி உருவாக்குவது. அங்கே அரிதானதைத் தேடுவதில்லை, தட்டில் தொடர்ந்து பெருகும் ஒரு செல் வரிசையை உருவாக்கிப் பாதுகாக்கிறோம். ஜக்கூர் ஜேஎன்சிஏஎஸ்ஆரில் மனீஷா இனாம்தார் குழு, சிகிச்சைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து பிஜேஎன்ஹெம்19, பிஜேஎன்ஹெம்20 என்ற இரண்டு மனிதக் கரு ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கியது. நம் ஊரில் நடந்த வேலை, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தது ஸ்டெம் செல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

செய்யவைத்துப் பார்த்துத்தான். 1961-இல் கனடாவில் டில்லும் மெக்கல்லோக்கும், கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு மஜ்ஜையைச் செலுத்தி, மண்ணீரலில் எழும்பிய காலனிகளை எண்ணினார்கள். மார்க்கர், சார்ட்டர் எல்லாம் பின்னால் வந்தவை. இன்றும் ரத்த ஸ்டெம் செல்லுக்குக் கடைசித் தீர்ப்பு மாற்றிப் பொருத்தல் சோதனைதான்: எலியில் மாதக்கணக்கில் எல்லா வகை ரத்த அணுவையும் தர வேண்டும், அந்த எலியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தாலும் தர வேண்டும்.

எலி வசதி இல்லாதவர்கள் மெத்தில்செல்லுலோஸ் என்ற கூழ் போன்ற ஊடகத்தில் போட்டு, சுமார் 14 நாள் கழித்துக் காலனி எண்ணலாம். அது முன்னோடிச் செல்களையே அதிகம் காட்டும், ஆழமான ஸ்டெம் செல்லை அல்ல. அப்படியே எழுதிவிடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். மார்க்கர் படத்தோடு நின்றுவிட்டு, ஸ்டெம் செல் என்று தலைப்புப் போடுவதைத்தான் தேர்வாளர் பிடிப்பார்.

மருத்துவமனைகளில் எப்படிப் பிரிக்கிறார்கள்?

பெரும்பாலும் நாம் நினைக்கும் அளவுக்குப் பிரிப்பதே இல்லை. கொடையாளருக்குச் சில நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டு, ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைத்து, வேண்டிய செல்லை எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் அஃபெரிசிஸ் இயந்திரத்தில் எடுத்து, பெறுபவரின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுக் கொடுப்பார்கள். கலவையாகப் போவதில் அங்கே தவறில்லை.

ரத்த ஸ்டெம் செல்லில் ஜீன் ஏற்றும் சிகிச்சை என்று வந்தால் சிடி34 செல்லைப் பிரித்தே ஆக வேண்டும், பெரும்பாலும் காந்த முறையில். வேலூர் சிஎம்சியில் 1986-லேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் நம் இன்ஸ்டெமின் ஒரு பிரிவு. கடுமையான ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய சிடி34 செல்களையே ஜீன் ஏற்றித் திருப்பிக் கொடுத்த சோதனையின் முடிவை அந்தக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்பாவுக்கு மூட்டு வலி. கொழுப்பில் ஸ்டெம் செல் எடுத்து அன்றைக்கே ஊசி போடுகிறோம் என்கிறார்கள். போகலாமா?

தம்பி, நான் டாக்டர் இல்லை. லேப் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். அன்றே எடுத்து அன்றே போடுவது மேலே சொன்ன கொழுப்புக் கலவை. அதில் எத்தனை பங்கு ஸ்டெம் செல் என்று அந்த நேரத்துக்குள் யாரும் சோதித்திருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை ஒப்புதல் பெற்ற சோதனைக்குள்தான் நடக்க வேண்டும். பெங்களூர் நிறுவனமான ஸ்டெம்பியூடிக்ஸ், கொடையாளர் மஜ்ஜையிலிருந்து வளர்த்த மெசன்கைமல் செல் மருந்துக்கு மூட்டுத் தேய்மானத்துக்கென 2022-இல் ஒப்புதல் வாங்கியது. அது லாட் லாட்டாகச் சோதித்து வரும் பொருள், அன்றே எடுத்துப் போடும் கலவையும் அதுவும் ஒன்றல்ல. 'இதற்கு ஒப்புதல் கடிதம் இருக்கிறதா, சோதனை என்றால் பதிவு எண் என்ன' என்று கேளுங்கள். சோதனையில் சேருபவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பதையும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

எங்கள் கல்லூரியில் சார்ட்டர் இல்லை. புராஜெக்டை எப்படி முடிப்பது?

நிறையவே முடியும். ஃபிகாலும் ஒட்டவைப்பதும் இருந்தால் மெசன்கைமல் வேலை நடக்கும். சார்ட்டிங் வேண்டுமென்றால் சி-கேம்ப் போன்ற இடங்கள் கட்டணத்துக்கு வெளியாருக்கும் செய்து தருகின்றன. மனிதச் சாம்பிள் என்றால் நெறிமுறைக் குழு ஒப்புதலை முதலில் வாங்குங்கள். சாம்பிள் கைக்கு வந்த பிறகு எடுத்தோம் கவிழ்த்தோம் என்று ஓடினால் எந்த லேபும் உள்ளே விடாது.

ஓசூரிலிருந்து கிளம்பினாலும் சில்க் போர்டைத் தாண்டி ஹெப்பாலுக்கு வரப் பாதி நாள் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள். ரத்தம், மஜ்ஜை என்றால் உறைதல் தடுப்பு போட்டு அறை வெப்பத்தில் கொண்டுவந்து இங்கேயே ஃபிகால் செய்வது, சாயமேற்றிய செல்லைக் காரில் ஆட்டிக்கொண்டு வருவதைவிட எவ்வளவோ மேல். சார்ட்டருக்கு வரும் நாளில் சாம்பிளோடு சாயம் போடாத ட்யூப் ஒன்று, ஒவ்வொரு சாயத்துக்கும் தனி ட்யூப், இறந்த செல்லைக் காட்டும் சாயம், 40 மைக்ரோமீட்டர் வடிகட்டி, சீரம் ஊற்றிய சேகரிப்பு ட்யூப் எல்லாம் கையோடு இருக்கட்டும். தனிச் சாய ட்யூபை விட்டுவிட்டு வந்தால் ஆபரேட்டரால் நிறக் கலப்பைச் சரிசெய்ய முடியாது. முன்பதிவு செய்த நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.